ஜாமீன் கையெழுத்தும் 15 ஆம்பியரும்

பி.காம். படித்தவனுக்கு வண்டி ஒயரிங் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எனக்கும் கரண்டுக்கும் உள்ள உறவு, பில் கட்டுவதோடு சரி. ஆனால் போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, கோத்தகிரி மலைப்பாதையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், ஒரு டன் கேரட்டுக்குக் காவலாக ஐந்து மணி நேரம் கும்மிருட்டில் நின்றேன். அதற்கு மேல் ஒரு யோக்கியதை வேண்டுமா?

முதலில் பாத்திர அறிமுகம். என் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி. அவனிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி. கடனில் வாங்கியது. கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமான ஆண்களுக்குத் தெரியும்.

ஜாமீன் போட்டவனுக்கு ஒரு வியாதி வரும். மைத்துனன் நாலு நாள் போன் பண்ணாவிட்டால் எனக்குக் கவலையில்லை. வண்டி நாலு நாள் ஓடாவிட்டால் தூக்கம் வராது. 'டயர் எப்படியிருக்கு மாப்ள?' என்று விசாரித்துவிட்டு, அப்புறம் ஞாபகம் வந்து, 'நீ எப்படியிருக்கே?' என்பேன்.

அவன் தொழில், கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டங்களில் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாக மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்குவது. தூரம் என்னவோ சுமார் 33 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த 33-க்குள் ஆறாயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைவான உயரத்திலிருந்து ஆயிரம் சொச்சம் அடிக்கு இறங்கியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மேலே போகச் சோம்பல்பட்டு ரோட்டிலேயே படுத்துவிடும். பத்தடிக்கு முன்னால் இருப்பது ரோடா, பள்ளமா என்பது அவரவர் குலதெய்வத்தின் பொறுப்பு.

'லைட்டு பத்தலீங்க மாமா' என்றான் ஒரு நாள். மறுநாளே கோவையில் ஏதோ ஒரு ஆக்சஸரீஸ் கடையில் இரண்டு எக்ஸ்ட்ரா லைட் வாங்கி, பம்பரில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஒவ்வொன்றும் 55 வாட். மஞ்சள் கண்ணாடி. பிளாஸ்டிக் மூடியில் ஒரு சிறுத்தைப் படம்.

'எவ்வளவு?'

'லைட்டு 2,400. ஃபிட்டிங் 300. அரை மணி நேரத்துல முடிச்சுட்டானுங்க. போட்டா பகலாட்ட இருக்குது!'

அரை மணி நேரம் என்றதும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கணக்குப் பதிவியலில் அதற்கு ஒரு பாடம் இல்லை.

* * *

அப்புறம் ஒரு வாரத்தில் இரண்டு தடவை ஃபியூஸ் போனது. மூன்றாம் தடவை கடைக்காரப் பையன் 'இனிமே போகவே போகாதுண்ணா' என்று உறுதி கொடுத்து ஏதோ செய்து அனுப்பினான். சொன்ன சொல் தவறாத பையன். ஃபியூஸ் அதற்குப் பிறகு போகவே இல்லை. மற்றதெல்லாம் போனது.

சம்பவ தினம், 'நீங்களும் ஒருக்கா வந்து பாருங்க மாமா' என்று கூப்பிட்டான். நானும் ஜாமீன்தாரர் என்ற முறையில் ஆய்வுக்குப் போனேன். ராத்திரி பன்னிரண்டரைக்கு லோடு ஏற்றிப் புறப்பட்டோம். நாலைந்து கிலோமீட்டர் தாண்டியதும் பனி. மைத்துனன் பெருமையாக ஒரு சுவிட்சைத் தட்டினான். சுவிட்ச், வீட்டில் ஃபேனுக்குப் போடுகிற சுவிட்ச்.

வெளிச்சம் வந்தது. ரோடு வரவில்லை. எதிரே ஒரு மஞ்சள் சுவர் எழுந்து நின்றது. கல்யாண மண்டபத்தில் ஸ்க்ரீன் கட்டின மாதிரி.

'தெரியுதா மாப்ள?'

'வெளிச்சம் நல்லாத் தெரியுதுங்க மாமா.'

பத்து நிமிஷம் போயிருக்கும். ஒரு வாசனை. செருப்பை அடுப்பில் போட்டது போல. நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். மரியாதை காரணமாக இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வளைவில் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை. அதற்கடுத்த விநாடி எல்லா லைட்டும் ஒரே நேரத்தில் அணைந்தன. எக்ஸ்ட்ரா மட்டுமல்ல. ஹெட்லைட்டும்.

இறக்கம். வளைவு. பின்னால் ஒரு டன் கேரட் தள்ளுகிறது. முன்னால் ஒன்றுமே இல்லை. அந்த இருட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு.

மைத்துனனைப் பாராட்ட வேண்டும். எங்கே நிற்கிறோம் என்று ஞாபகத்திலேயே மலைப் பக்கமாக ஒடித்து நிறுத்தினான். ஹேண்ட் பிரேக் போட்டான், குதித்தான், டயருக்குக் கல்லை வைத்தான், பானெட்டைத் திறந்தான், பத்தாம் நம்பர் ஸ்பானரால் பாட்டரி டெர்மினலைக் கழற்றி எறிந்தான். ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம். புகை நின்றது. டெர்மினலைக் கழற்ற இன்னும் இரண்டு நிமிஷம் தாமதித்திருந்தால் கேரட்டெல்லாம் அங்கேயே வெந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள்.

ஆனால் பாட்டரியைக் கழற்றிய வண்டிக்குப் பார்க்கிங் லைட்டும் கிடையாது, நாலு பக்கமும் மினுக்குகிற லைட்டும் கிடையாது. பனியில் அது ஒரு பாறை. யார் வேண்டுமானாலும் வந்து மோதலாம்.

பச்சைக் கிளைகளை ஒடித்து வண்டிக்குப் பின்னால் ரோட்டில் போட்டோம். அவன் கீழ் வளைவில், நான் மேல் வளைவில். கையில் மொபைல் டார்ச். என் போனில் 18 சதவீதம் சார்ஜ். மனைவிக்குப் போன் பண்ணலாமா என்று யோசித்தேன். தம்பியைப் பற்றித்தான் முதலில் கேட்பாள் என்று தோன்றியதால் சார்ஜை மிச்சம் பிடித்தேன்.

இரண்டு மணிக்கு மேலிருந்து ஒரு லாரி வந்தது. கேபின் தலையில் பட்டையாக ஒரு வெள்ளை எல்.இ.டி. லைட். அதிலிருந்து பனியில் ஒரு பிரம்மாண்டமான வெள்ளைச் சுவர், அந்தச் சுவருக்குப் பின்னால் லாரி. நான் டார்ச்சை ஆட்டுகிறேன், கத்துகிறேன். எனக்கு லாரி தெரியவில்லை, லாரிக்கு நான் தெரியவில்லை. இருவருக்கும் தெரிந்தது வெளிச்சம் மட்டும்தான். கிளைகள் டயரில் நசுங்கும் சத்தம் கேட்டு அவர் பிரேக் அடித்தார். லாரியின் பம்பருக்கும் எனக்கும் நடுவே ஒரு சைக்கிளை நிறுத்தலாம்.

டிரைவர் இறங்கி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கை என் கையைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தது. 'கண்ணுக்கு ஒண்ணுமே தெரியலீங்கண்ணா' என்று சொல்லி, தன்னிடமிருந்த சிவப்பு முக்கோணத்தைக் கொடுத்துவிட்டு, மேல் லைட்டை அணைத்துக்கொண்டு, நத்தை மாதிரி இறங்கிப் போனார். அவருக்கு நான் இன்னும் ஒரு முக்கோணம் பாக்கி.

* * *

விடிந்ததும் மைத்துனன் ஒரு பைக்கில் தொற்றிக்கொண்டு போய், மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தான். எழுபது வயசுப் பெரியவர். கதர்ச் சட்டை, காதில் பென்சில். டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு கறுப்பு உருண்டையை இழுத்து எடுத்தார். ஒரு காலத்தில் எட்டு ஒயராக இருந்தது. இப்போது எள்ளுருண்டை.

அப்புறம் ஃபியூஸைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். நீல நிறம், மேலே 15 என்று எழுதியிருந்தது. உள்ளே கம்பி அறுந்திருந்தது. ஆனால் அதன் இரண்டு காலையும் சேர்த்து ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தான், அந்தச் சொன்ன சொல் தவறாத பையன்.

'இது லைட்டக் காப்பாத்தறதுக்குன்னு நெனச்சுட்டான் சாமி. ஃபியூஸு இருக்கறது ஒயரக் காப்பாத்தறதுக்கு' என்றார் பெரியவர்.

இதைக் கேட்டதும் எனக்குள் இருந்த பி.காம். விழித்துக்கொண்டது. கணக்கு கேட்டேன். அவர் பென்சிலை எடுத்து, கேரட் மூட்டை மீதே எழுதிக் காட்டினார்.

ஹெட்லைட் டிம்மில் ஒரு பல்பு 55 வாட். இரண்டுக்கு 110. பாட்டரி 12 வோல்ட். வகுத்தால் ஒன்பது ஆம்பியர் சொச்சம். அதற்குத்தான் அந்த ஒயர், அந்த சுவிட்ச், அந்த 15 ஆம்பியர் ஃபியூஸ். கடைக்காரப் பையன் எக்ஸ்ட்ரா லைட் இரண்டையும் அதே ஒயரில் முறுக்கி டேப் சுற்றிவிட்டான். இப்போது 220 வாட். பதினெட்டு ஆம்பியர். 15 ஆம்பியர் ஃபியூஸ் தன் கடமையைச் செய்து இரண்டு தடவை உயிரை விட்டது. மூன்றாம் தடவை அதன் வாயைக் கட்டிவிட்டார்கள்.

'கரண்டு ரெண்டு மடங்கானா சூடு ரெண்டு மடங்கு ஆகாது சாமி. நாலு மடங்கு ஆகும்.'

கந்துவட்டிக் கணக்கு! இதை எங்களுக்குக் காலேஜிலேயே சொல்லியிருந்தால் நான் எலக்ட்ரிகலில் சேர்ந்திருப்பேன்.

ஃபியூஸ் என்றால் என்ன என்று அந்த நிமிஷம் எனக்கு முழுசாகப் புரிந்தது. கடன் கொடுக்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் நிற்கிற ஆள். கணக்கு சரியாகப் போகிறவரை அவனை யாரும் நினைக்க மாட்டார்கள். எல்லை தாண்டினால் முதலில் எரிவது அவன். ஃபியூஸ் வேறு யாருமல்ல, ஜாமீன்தாரர். சுற்றி முற்றிப் பார்த்தேன். என் மீது யாராவது செம்புக் கம்பி சுற்றியிருக்கிறார்களா என்று.

* * *

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு மண்டிக்குப் போனபோது பதினொரு மணி. ஏலம் முடிந்து, மிச்சம் மீதி வாங்குகிற ஆட்கள் மட்டும் பல் குத்திக்கொண்டு நின்றார்கள். கேரட்டில் போனது 6,000. இழுவைக் கூலி, புது ஒயர், புது சுவிட்ச், மூன்று நாள் ஓட்டம் எல்லாம் சேர்த்து இன்னொரு 11,000. ஃபிட்டிங் சார்ஜ் 300 என்று சொன்னேனே, அதை இந்த இடத்தில் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பெரியவர் தன் பட்டறையில் அதே லைட்டுகளை மறுபடி மாட்டினார். ஒரு முழுப் பகல் ஆனது. நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஜாமீன்தாரர் ஆயிற்றே.

பாட்டரியிலிருந்து லைட்டுக்குத் தனி ஒயர், 2.5 ஸ்கொயர் எம்.எம். கனத்தில். பாட்டரியை விட்டு ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே ஒரு 15 ஆம்பியர் ஃபியூஸ். லைட்டுக்குப் பக்கத்தில் ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். 'நடுவழியில ஒயரு தேஞ்சு பாடியத் தொட்டுதுன்னா, லைட்டுகிட்ட இருக்கற ஃபியூஸுக்குத் தெரியவே தெரியாது. திருடன் வர்ற வாசல்ல நாயக் கட்டோணும், கொல்லையில கட்டக் கூடாது.'

அடுத்தது ரிலே. தீப்பெட்டியைவிடச் சின்ன டப்பா. கீழே நாலு கால். காலுக்கு நம்பர்: 30, 87, 85, 86. ஜெர்மன்காரர்கள் வகுத்த நம்பர் முறையாம், இங்கேயும் அதேதான். 30-ல் பாட்டரி வரும், 87-லிருந்து லைட்டுக்குப் போகும். 85-ம் 86-ம் உள்ளேயிருக்கிற சின்ன மின்காந்தத்துக்கு. சுவிட்சைத் தட்டினால் கால் ஆம்பியர்கூட இல்லாத கரண்ட் அந்தக் காந்தத்துக்குப் போகும். காந்தம் உள்ளே கதவை இழுத்துத் திறக்கும். ஒன்பது ஆம்பியர் அந்தக் கதவு வழியாக நேரே லைட்டுக்கு ஓடும். சுவிட்சுக்கு அந்தச் சூடு தெரியவே தெரியாது. மேனேஜர் கையெழுத்து மட்டும் போடுவார், பண மூட்டையைத் தூக்குவது காஷியர். கடைக்காரப் பையன் மேனேஜர் தலையிலேயே மூட்டையை ஏற்றியிருந்தான்.

அந்தச் சின்னக் கரண்டையும் டிம் ஒயரிலிருந்து எடுத்தார். டிம் எரியும்போது மட்டும் எக்ஸ்ட்ரா லைட் எரியும். பிரைட் போட்டால் தானாக அணையும். ஒயர் இரும்புத் துவாரத்தில் நுழையும் இடமெல்லாம் ரப்பர் புஷ். முறுக்கி டேப் சுற்றுவது ஒரு இடத்தில்கூட இல்லை, எல்லாம் கிளிப் வைத்து அழுத்தி. எர்த் ஒயரை மாட்டும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளபளக்கிற வரை தேய்த்தார். 'பெயின்ட்டு மேல எர்த்து கொடுக்கறது, செவுத்துக்கிட்ட கடன் கேக்கறாப்பல' என்றார். ரிலே, ஃபியூஸ், ஒயர், கிளிப் எல்லாம் சேர்த்து 900 ரூபாய்.

கையோடு ஹெட்லைட்டின் எர்த்தையும் சுரண்டிவிட்டு, மங்கிப்போன கண்ணாடியையும் தேய்த்துத் துடைத்தார். சாயங்காலம் ஹெட்லைட்டை மட்டும் போட்டுக் காட்டினார். அதே பல்பு, அதே பாட்டரி. வண்டி வாங்கின நாளிலிருந்து அப்படி ஒரு வெளிச்சத்தை நாங்கள் பார்த்ததில்லை.

மைத்துனன் முகம் சுருங்கிவிட்டது. 'அப்ப எக்ஸ்ட்ரா லைட்டே வேண்டாமுங்களா?'

'பனிக்கு வேணும் கண்ணு. ஆனா வெக்கற எடத்துல வெக்கோணும்.'

பம்பரின் உச்சியில் இருந்ததைக் கழற்றி எவ்வளவு கீழே வைக்க முடியுமோ அவ்வளவு கீழே இறக்கினார். சிறுத்தை தரையைப் பார்த்தது. பனி என்பது நீர்த்துளிக் கூட்டம். உயரத்திலிருந்து வெளிச்சம் அடித்தால் துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். அதுதான் அந்த மஞ்சள் சுவர். தாழ்வாக, அகலமாக, ரோட்டை ஒட்டி அடித்தால்தான் ஓரத்து வெள்ளைக் கோடு தெரியும். மஞ்சள் கண்ணாடி பனியைக் கிழிக்கும் என்பதெல்லாம் சும்மா. பனித்துளி ஒளி அலையைவிடப் பல மடங்கு பெரியது. மஞ்சள், வெள்ளை எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். பிரான்ஸில் 1930-களின் கடைசியிலிருந்து 1993 வரை ஹெட்லைட் மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. அதனால் அங்கே பனி ஒன்றும் பயந்து ஓடிவிடவில்லை. மஞ்சளில் கண் கூச்சம் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்ததும் மைத்துனன் மெல்ல ஆரம்பித்தான். 'அப்படியே கேபின் மேல ஒரு எல்.இ.டி. பட்டை...'

பெரியவர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். பட்டறைச் சுவருக்கு எதிரே எட்டு மீட்டரில் வண்டியை நிறுத்தச் சொன்னார். சுவரில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு கோடு. லைட்டைப் போட்டார். வெளிச்சம் கோட்டுக்குக் கீழேயே நின்றது.

'இந்தக் கோடு என்ன தெரியுமா?'

தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி. எட்டு மீட்டர் தூரத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் உள்ள மனிதரைக் கூசச் செய்யக் கூடாது என்கிறது. பழைய நாளில் ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பொட்டு வைத்தார்களே, திருஷ்டிக்கு என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன், அதுவும் இந்தக் கூச்சத்துக்காகத்தான்.

பெரியவர் விதி நம்பரெல்லாம் சொல்லவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: 'அது எதுக்கால வர்றவன் கண்ணு. அவனும் வூட்டுக்குப் போவோணும்ல?'

மைத்துனன் என்னைப் பார்த்தான். அந்த லாரியின் பம்பருக்கும் எனக்கும் நடுவே இருந்த சைக்கிள் அகலம் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. எல்.இ.டி. பேச்சை அதற்கப்புறம் அவன் எடுக்கவில்லை.

* * *

வண்டி இப்போது ஒழுங்காக ஓடுகிறது. தவணையும் ஒழுங்காகப் போகிறது. டேஷ்போர்டில் ஒரு டப்பாவில் நாலு நீல ஃபியூஸ் உபரியாக இருக்கிறது. பக்கத்தில் இரண்டு சிவப்பு முக்கோணம். ஒன்று நமக்கு. இன்னொன்று, அந்த லாரிக்காரர் மாதிரி யாருக்காவது கொடுக்க.

போன வாரம் மைத்துனன் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு கிலோ கேரட். எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது. கேரட்டோடு வருகிற மைத்துனன் சும்மா வரமாட்டான்.

'இன்னொரு வண்டி தகையற மாதிரி இருக்குதுங்க மாமா. ஒரே ஒரு கையெழுத்து...'

'உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...'

'அக்காகிட்டக் கேட்டுட்டுத்தானுங்க வர்றேன்.'

போனேன். ஆனால் இந்தத் தடவை ஃபாரத்தை முழுசாகப் படித்தேன். முந்தைய தடவை படிக்காமல் போட்ட கையெழுத்து. ஜாமீன் எவ்வளவு ரூபாய் வரைக்கும் என்று ஒரு இடம் காலியாக இருந்தது. அதைக் காலியாக விட்டால் எவ்வளவு கரண்ட் வேண்டுமானாலும் என் வழியாக ஓடும். ஒரு தொகையைச் சொல்லி, எண்ணிலும் எழுத்திலும் நிரப்பச் சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

மேனேஜர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். 'சார் என்ன ஆடிட்டரா?'

'இல்லை சார். ஃபியூஸ்' என்றேன்.